கடைசி நாலு படி

மாமனார் விழுந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்னமும் மாடிப்படி துடைக்கத் துணியை எடுத்தால், லுயேனுடைய கை முதலில் அதைப் பிழிந்து பார்க்கும். காய்ந்த துணியைப் பிழிந்தால் என்ன வரும்? ஒன்றும் வராது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு முதல் படியில் குனிய மனசு வரும்.

முந்தைய வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் அடுப்பில் இருப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

ஹாய்போங் ஊரில் லுயேன் வாழ்க்கைப்பட்ட வீடு, தெருவுக்கு ஒடுங்கிய முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே நீளமாகப் போய், மேலே நாலு தளம் எழும்பிய ஒல்லி வீடு. கீழ்த்தளம் அலுவலகம். ஊரார் கட்டும் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. இந்த ஊர் வீடுகளில் பாதி அகலத்தைப் படிக்கட்டே தின்றுவிடும் என்பதால், படிக்கட்டைச் சரியாகப் போடுகிறவர்களை ஆள் தேடி வரும். பெயர்ப்பலகையில் இருப்பது கணவன் கோய். பதினெட்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்து உட்கார்ந்திருப்பது லுயேன்.

உச்சித் தளத்தில் முன்னோர் மாடம். முன்னோர் தலைக்கு மேல் யாரும் நடமாடக் கூடாதே. மாமியாரின் படமும் பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது. மாமனார் ஹுவான் தினமும் ஏறிப்போய் ஊதுவத்தி ஏற்றுவார். போன பௌர்ணமியன்று ஏற்றிவிட்டு இறங்கும்போது மேல்படிகளில் தவறி, திருப்பம் வரைக்கும் உருண்டார். கால் எலும்பு முறிந்தது.

அது நோம் காலம். கடல் காற்று ஈரத்தைச் சுமந்துவந்து வீட்டுக்குள் இறக்கிவிட்டுப் போகிற மாதம். தரை வியர்க்கும், சுவர் வியர்க்கும், அலமாரியில் மடித்து வைத்த சட்டை வியர்க்கும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். ஈரத்துணி போட்டால் வழுக்கும். இது இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. சொன்னவள் மாமனாரின் அக்கா, லாச்சாய் தெருவில் இருக்கிற பெரியத்தை. "நோம் நாள்ல மாடிப்படிக்கு ஈரத்துணி போடற மருமகளை இப்பத்தான் பார்க்கறேன்."

காய்ந்த துணிதான் போட்டேன், அதுவும் இரண்டாவது தளத்தோடு நிறுத்திவிட்டேன் என்று லுயேன் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கோய் மட்டும், "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றான். அந்த 'விடு'வில் எல்லாம் அடங்கிவிட்டது. இப்போது, ஒரு மாதம் கழித்து, லுயேனுக்கே சந்தேகம். அன்றைக்கு மேலே போனோமா? துணி காய்ந்துதான் இருந்ததா?

இனி இந்த வாரத்து வியாழக்கிழமை.

*

"அண்ணி, இன்னிக்கு முடிவு பண்ணியாகணும். பில்டர் அஞ்சு மணிக்கு போன் பண்ணுவார்."

சொன்னவள் தோவா, கோயின் தங்கை. சைகோனில் எட்டு வருஷம் பெரிய அலுவலகத்தில் இருந்துவிட்டுப் போன இலையுதிர் காலத்தில் இரண்டு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் திரும்பினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

லுயேன் நண்டுச்சாறு ஊற்றிய பழுப்பு நூடுல்ஸ் கிண்ணங்களை மேஜையில் வைத்தாள். ஒன்றைத் திரைக்குப் பின்னால் எடுத்துப்போனாள். கால் முறிந்ததிலிருந்து மாமனாருக்கு அலுவலகத்தின் பின்கட்டில்தான் கட்டில். நடுவில் ஒரு துணித்திரை. அவர் இருமினால் வாடிக்கையாளருக்குக் கேட்கும்; வாடிக்கையாளர் பேரம் பேசினால் அவருக்குக் கேட்கும்.

"முடிவு பண்ணுங்க" என்றாள் திரும்பி வந்து. "எதை வாங்கினாலும் உட்கார்ந்து திருத்தப்போறது நான்தானே."

விஷயம் இதுதான். கியென் ஆன் பக்கம் வரிசை வீடுகள் கட்டும் பில்டர் ஒருவர், எல்லா வீட்டுப் படிக்கட்டு வேலையையும் இவர்களுக்கே தரத் தயார். எந்த மென்பொருளில் வரைந்து தருவீர்கள் என்று இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆட்களும் அதற்குத் தகுந்தபடி தயாராக வேண்டுமாம்.

வீட்டில் மூன்று கட்சி.

லுயேனுடையது பழைய 'கேட்' (CAD) மென்பொருள். கோடு போடச் சொன்னால் கோடு போடும், அழிக்கச் சொன்னால் அழிக்கும். இது படிக்கட்டா பல்லாங்குழியா என்று அதற்குத் தெரியாது. தோவா அதற்கு 'கிழவன்' என்று பெயர் வைத்திருந்தாள்.

கோய் ஆசைப்பட்டது, நொடியில் வீட்டை நிறுத்தி, மர நிறம் பூசி, ஜன்னலில் வெயில் காட்டுகிற ஒன்று. வாடிக்கையாளர் அதைப் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். தோவாவின் அகராதியில் அது 'கல்யாண ஸ்டுடியோ'.

தோவா கொண்டுவந்தது மூன்றாவது. அதில் படிக்கட்டு என்றால் கோடு அல்ல, படிக்கட்டேதான். தளத்தின் உயரத்தைச் சொன்னால் தானே சமமாகப் பிரித்து நிற்கும். படி குறுகினால், தலை இடித்தால், மஞ்சள் பட்டையைக் காட்டித் தப்பு என்று சொல்லும். அதற்குக் கோய் வைத்த பெயர் 'வாத்தியார்'.

"வாத்தியார் சொல்லிக்கொடுத்து நான் படிக்கட்டு போடணுமா?" என்றான் கோய், நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. "இருபது வருஷமா போடறேன்."

"போடறது அண்ணி. நீங்க கையெழுத்து போடறீங்க."

"சைகோன்ல இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா?"

"அங்கே கத்துக்கிட்டதைச் சொன்னா நூடுல்ஸ் இறங்காது அண்ணா. சாப்பிடுங்க."

லுயேனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஒரு மாதத்தில் சிரிப்பது என்பதும் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

தோவா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "பேசிப் பிரயோஜனம் இல்லை. ஒரே படிக்கட்டை மூணு பேரும் மூணுல வரைவோம். எது உதவுதுன்னு கண்ணால பார்த்துடலாம். நம்ம வீட்டுதையே எடுத்துக்கலாமே, மூணாவது தளத்துலேர்ந்து மாடத்துக்குப் போறது."

"நம்ம வீட்டை எதுக்கு இழுக்கறே?" கோய் கேட்ட வேகத்தில் குச்சியிலிருந்து நூடுல்ஸ் வழுக்கி விழுந்தது. "வேற வீடே கிடைக்கலையா?"

"எப்படியும் அந்தப் படிக்குக் கைப்பிடிக் கம்பி போடணும்ல? ஞாயித்துக்கிழமை அம்மா திதி. அப்பா ஏறியே தீருவேன்னு நிக்கறார். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது.

"திதியை ஞாபகப்படுத்தினியே" என்றான் கோய். "பெரியத்தை சாயங்காலம் வர்றாங்க. ஞாயித்துக்கிழமை சமையல் பேசணுமாம்."

பெரியத்தை என்றதும் லுயேன் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள். தோவாவின் கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

கிழவன்தான் முதலில் முடித்தான். முடிக்க என்ன இருக்கிறது, வீடு கட்டியபோது லுயேன் போட்ட வரைபடமே பழைய கோப்பில் இருந்தது. திறந்தாள், கைப்பிடிக்கு இரண்டு கோடு சேர்த்தாள், அச்சுக்குக் கொடுத்தாள். படிகள் எல்லாம் ஒரே உயரம், மொத்தம் இருபத்தொன்று.

அந்தக் கணக்குக்கு இங்கே ஒரு காரணம் உண்டு. முதல் படியில் காலை வைத்ததும் 'பிறப்பு' என்று தொடங்குவார்கள். அடுத்தது மூப்பு, அதற்கடுத்தது பிணி, நாலாவது சாவு. மறுபடியும் பிறப்பு. கடைசிக் கால் பிறப்பில் விழ வேண்டும். சாவில் விழுகிற படிக்கட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டு இந்த ஊரில் யாரும் தொழில் நடத்த முடியாது.

கோய் மதியத்துக்குள் ஒரு படம் காட்டினான். தேக்கு நிறப் படிகள். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிற இடத்தில் பெரிய ஜன்னல், அதன் வழியாகத் தங்க நிறத்தில் வெயில். வெள்ளைத் தலைமுடியோடு ஒருவர் கைத்தடி பிடித்து, சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தார்.

"அப்பாவா அது?" என்றாள் தோவா. "அப்பா சிரிச்சு நான் பார்த்ததில்லையே."

"அழகா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"அழகா இருக்கு. அந்த ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு சமையலறைதான் வரும்."

வாத்தியார் மட்டும் முடிக்கவில்லை. தோவா தளத்தின் உயரத்தைக் கொடுத்தாள். படிக்கட்டு எழுந்து நின்றது, சமமாக, சுத்தமாக. ஆனால் கைப்பிடிக் கால்கள் சுவரில் எந்தெந்த இடத்தில் இறங்கும் என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணி, ஒரு முனையைப் பிடிக்க வாங்களேன்."

"வரைபடம் இருக்கு, அதுல பார்த்துக்கோ" என்றான் கோய்.

"வரைபடம் பார்த்து ஓட்டை போட்டா, ஓட்டை வரைபடத்துலதான் விழும்."

"உனக்கு வேற வேலையே இல்லையா தோவா?"

லுயேன் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்த வெயிலை இன்னும் கொஞ்சம் மஞ்சளாக்கிக்கொண்டிருந்தான்.

*

நோமில் மூன்று தளம் ஏறுவது மூச்சு வாங்கும். காற்றே ஈரத்துணியாக மூஞ்சியில் ஒட்டுகிறது. தோவா முன்னால் போனாள். மாடத்துக்குப் போகும் படிகளில், திருப்பம் தாண்டி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அவளுக்குக் கால் தடுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சைகோன் கால்" என்றாள் லுயேன், பழக்கத்தில். தோவா திரும்பி வந்ததிலிருந்து இந்த இடத்தில் தடுக்காத நாள் இல்லை. அதை வைத்து வீடே அவளைக் கேலி செய்யும்.

"சிரிங்க சிரிங்க" என்று தோவா மூன்று நாலு படி கீழே இறங்கிக் குந்தி உட்கார்ந்து டேப்பை நீட்டினாள். "பதினேழு சென்டிமீட்டர். அடுத்தது பதினேழு. இதுவும் பதினேழு." ஒவ்வொன்றாக மேலே ஏறினாள். பிறகு நிறுத்தினாள். டேப்பை உள்ளே விட்டு மறுபடியும் இழுத்தாள்.

"அண்ணி, இது பதிமூணு."

"சரியாப் பிடி."

"சரியாத்தான் பிடிக்கறேன். இதுவும் பதிமூணு. இதுக்கு மேல ரெண்டும் அப்படித்தான்."

லுயேன் டேப்பை வாங்கித் தானே அளந்தாள். கடைசி நாலு படிகள் மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை குட்டை. காலை வைக்கும் அகலமும் குறைச்சல். மூன்று படிக்கு உரிய இடத்தில் யாரோ நாலு படியைத் திணித்திருந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அவள் இதில் ஏறி இறங்குகிறாள். கால் பழகிப்போனதால் ஒருநாளும் தெரியவில்லை. பழகாத காலுக்குத்தான் தெரிந்திருக்கிறது, அதைத்தான் எல்லாரும் கேலி செய்திருக்கிறார்கள்.

கீழே இறங்கி, திருப்பத்தைத் தாண்டி, மூன்றாவது தளத்தில் நின்று முதல் படியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். பிறப்பு, மூப்பு, பிணி, சாவு. அவள் வரைந்தபோது உச்சித் தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்து இருபத்தொன்று வைத்திருந்தாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தளத்தை விட்டுவிட்டு எண்ணுகிறவர்களும் உண்டு. அவர்கள் கணக்குக்கு இருபதுதான் வரும், சாவில் முடியும்.

இப்போது தளத்தைச் சேர்க்காமலேயே இருபத்தொன்று வந்தது.

"யாரோ ஒரு படி கூட்டியிருக்காங்க" என்றாள் தோவா. பிறகு, குரலைத் தாழ்த்தி, "அப்பா விழுந்தது எந்த இடம் அண்ணி?"

லுயேன் அந்தக் குட்டைப் படியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் படியில் உட்கார்ந்தாள். வந்தது சந்தோஷமா, கோபமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு மாதமாகச் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தால் தோள் உடனே லேசாகிவிடாது, முதலில் வலிக்கத்தான் செய்யும்.

*

தோவா அளந்தபடியே எண்களை வாத்தியாருக்குக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் பட்டை வந்தது. படிகளின் உயரம் சமமாக இல்லை, இப்படி ஒரு படிக்கட்டைப் போட முடியாது. அவள் வேறு வழியில் முயன்றாள். மறுபடியும் மஞ்சள்.

கோய் எட்டிப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் நீளமாகவே வந்தது. "பார்த்தியா, உன் வாத்தியாருக்கு நம்ம வீடே புரியலை. இதை வெச்சுக்கிட்டு பில்டர் வேலை பண்ணப்போறாளாம்."

"வாத்தியாருக்குப் புரிஞ்சிருக்கு" என்றாள் லுயேன்.

அவள் குரலில் ஒன்றும் ஏறவில்லை, இறங்கவில்லை. கோயின் சிரிப்பு நின்றது.

"என் வரைபடத்துல இல்லாத படி அங்கே இருக்கு. கான்கிரீட் போட்ட அன்னிக்கு சைட்ல நின்னது நீங்க. யார் கூட்டினது?"

"அது... என்னவோ அப்ப கொத்தனார் ஏதோ..."

"கொத்தனாருக்கு என்ன வேண்டுதலா?"

கோய் மவுஸை நகர்த்தினான். எதிலும் அழுத்தவில்லை, சும்மா நகர்த்தினான்.

துணித்திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"நான்தான்."

தோவா எழுந்துபோய்த் திரையை விலக்கினாள். ஹுவான் கட்டிலில் சாய்ந்திருந்தார். மடியில் காலையில் கொடுத்த நூடுல்ஸ் கிண்ணம், பாதிக்கு மேல் அப்படியே.

"கான்கிரீட் ஊத்த சென்டரிங் பலகை அடிச்சு முடிச்சிருந்தாங்க. நான் ஏறிப்போய் எண்ணிப் பார்த்தேன். எங்க வழக்கத்துல தளத்தைச் சேர்க்க மாட்டோம். சாவுல வந்து நின்னுது." கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க அம்மா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தா. மாடத்துக்குப் போற படி அப்படி முடியறதை என்னால பார்க்க முடியலை. இன்னொரு படி வைன்னு கொத்தனார்கிட்ட சொன்னேன். இடம் இல்லைன்னான். மேலே இருக்கறதைப் பிரிச்சு வைன்னேன். வெச்சான்."

ஹுவான் கிண்ணத்தைக் கட்டிலோரம் தள்ளி வைத்தார்.

"வெச்சும் அவ நிக்கலை. அந்த நோம் காலம் தாண்டலை."

லுயேனுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான். அந்த வருஷத்து முகத்தை மாமனாரிடம் மறுபடி பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது. எப்போதும் அவள்தான் இரக்கப்பட வேண்டியிருக்கிறது.

"விழுந்த அன்னிக்குப் படி எப்படி இருந்தது மாமா?"

ஹுவான் நிமிர்ந்தார். "காய்ஞ்சுதான் இருந்தது. கால் தேடின இடத்துல படி இல்லை. முன்னாடியே வந்துடுச்சு. விழறப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ஒரு மாசமா தெரியும்."

"தெரியும்."

"பெரியத்தை பேசினப்பவும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மிச்சக் கதை வந்துவிட்டது. ஆனாலும் லுயேன் கோய் பக்கம் திரும்பி நின்றாள். அவன் வாயால் சொல்லட்டும் என்றுதான்.

"நான்தான் அப்பாவைப் பேச வேண்டாம்னேன்" என்றான் கோய். "படிக்கட்டு போடறவன் வீட்டுப் படியே கோணல்னு வெளியே போச்சுன்னா பில்டர் வருவானா? நம்ம எல்லாருக்காகவும்தான் லுயேன். ஒரு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

"எல்லாரும் மறந்துட்டாங்க. நான் மறக்கலையே."

"நீ தப்பு பண்ணலைன்னு உனக்கே தெரியுமில்ல, அப்புறம் என்ன?"

"தெரிஞ்சுதான் இருந்தது, முதல் பத்து நாள்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை, அவ்வளவு அலுப்பு. "அப்புறம் நீங்க எல்லாரும் பேசாம இருந்ததைப் பார்த்து, நான்தான் ஈரத்துணி போட்டிருக்கணும்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். தினமும் காய்ஞ்ச துணியைப் பிழிஞ்சு பார்க்கறேன். நீங்க அதைப் பார்த்திருக்கீங்க. பக்கத்துல நின்னு டீ குடிச்சுக்கிட்டே பார்த்திருக்கீங்க."

கோய் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்வதற்கு இருந்ததெல்லாம் அவனுக்கே கேட்கக் கூசியிருக்க வேண்டும். நல்லவன்தான், கெட்டவன் இல்லை. இந்த மாதிரி நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம்.

அஞ்சு மணிக்கு முன்னாலேயே போன் அடித்தது. கோய் அதைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். லுயேன் கையை நீட்டி எடுத்தாள்.

"ஆமாங்க, அவர் வீட்டுக்காரிதான் பேசறேன். முடிவு பண்ணியாச்சு." தோவாவின் திரையில் இன்னும் அந்த மஞ்சள் பட்டை இருந்தது. வாத்தியாரின் பெயரை, உண்மைப் பெயரை, நிதானமாகச் சொன்னாள். "ஆமாம், அதுலதான் தருவோம். கத்துக்கக் கொஞ்ச நாள் ஆகும். நானும் புதுசாத்தான் ஆரம்பிக்கறேன்."

போனை வைத்ததும் தோவா நம்ப முடியாமல் பார்த்தாள். "கிழவனை விட்டுட்டீங்களா அண்ணி? பதினெட்டு வருஷம்."

"அவன் நான் சொன்னதை வரைவான். மாமா சொன்னாலும் வரைவான், கொத்தனார் சொன்னாலும் வரைவான். நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே." லுயேன் கோயின் திரையைக் காட்டினாள். அதில் மாமனார் இன்னும் தங்க வெயிலில் சிரித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். "இது இல்லாத ஜன்னலைத் திறந்து காட்டும். உன்னுது ஒண்ணுதான், இதை என்னால போட முடியாதுன்னு சொல்லுச்சு. இந்த வீட்டுல அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து என்று நினைத்தபோது முதுகு இப்போதே வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க" என்றார் ஹுவான் கட்டிலிலிருந்து. "நான் சொல்லிடறேன்."

"அப்பா, பில்டரையும் அன்னிக்கு சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்" என்றான் கோய், மெதுவாக.

லுயேன் எழுந்தாள். சாயங்கால ஊதுவத்திக்கு நேரமாகிவிட்டது. இந்த மாதம் முழுக்க அதுவும் அவள் வேலைதான்.

*

மாடத்துக்கு ஏறும் படிகளில் விளக்கு மங்கல். சுவரில் ஈரம் கோடு கோடாக இறங்கியிருந்தது. திருப்பத்தைத் தாண்டினாள். கையில் ஊதுவத்திக் கட்டு. இதோ பதினேழு, இதோ பதினேழு என்று மனசு தானாக அளந்துகொண்டே வந்தது. பதிமூன்று வந்த இடத்தில் கால் தடுக்கியது.

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தடுக்காத கால். தெரிந்ததும் தடுக்கிவிட்டது.

விழவில்லை. சுவரில் கை ஊன்றிக்கொண்டாள், ஊதுவத்திகள் சிதறின. அவற்றைப் பொறுக்காமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

கீழே வாசல் இரும்புக் கதவு இழுபடும் சத்தம். பெரியத்தையின் குரல் மாடிப்படி வழியாகத் தெளிவாக ஏறி வந்தது. ஒல்லி வீட்டில் படிக்கட்டுதானே தொண்டை.

"எங்கே எல்லாரும்? மேலே போய் முதல்ல ஒரு வத்தி ஏத்திட்டு வந்துடறேன். என்ன கோய், ஏறலாமா? இன்னிக்கும் உன் பெண்டாட்டி ஈரத்துணி போட்டு வெச்சிருக்காளா?"

லுயேன் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பதில் இல்லை. மின்விசிறிச் சத்தம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. மாமனாரின் கைத்தடி தரையில் தட்டுமா என்று காதைத் தீட்டிக் கேட்டாள், தட்டவில்லை. "என்னடா, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?" என்றாள் பெரியத்தை.

அப்போது ஒரு நாற்காலி பின்னால் இழுபட்டது. யாரோ எழுந்தார்கள். தோவாவாக இருக்கலாம், அவள்தான் இந்த வீட்டில் வாயைத் திறக்கிறவள். அவள் சொன்னால் அது நாத்தனாரின் தயவு. கோய் சொன்னால் வேறு.

அது கோயாக இருக்க வேண்டும் என்று லுயேன் ஆசைப்பட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் அப்படி ஆசைப்படுவதே அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் படியில் உட்கார்ந்தபடியே, கீழே பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்தாள்.